பாதி வாக்கு

— இன்னொரு தடவை சொல்லு தங்கச்சி. அந்தக் கிழவர் சொன்னது என்ன, நீ நம்ம துரைகிட்ட இங்கிலீஷ்ல சொன்னது என்ன? ரெண்டையும் கலக்காம, தனித்தனியா சொல்லு.

— பிளாகோயா அண்ணே, ஸ்டீயரிங்கைப் புடிச்சு முறுக்காதீங்க. உடைஞ்சிடப் போகுது.

— உடையட்டும். சமாதான மிஷன் வண்டிதானே, என் அப்பன் வண்டியா? நீ சொல்லு.

— ரெஜெப் மாமா அன்னைக்குச் சொன்னது இது: "விருந்தாளின்னு ஒருத்தர் இந்த அறையில உக்காந்து காப்பி குடிக்கிற வரைக்கும், என் வீட்டுலேருந்து ரத்தத்துக்கு ரத்தம்னு எவனும் கிளம்ப மாட்டான். பெசா."

— நீ துரைகிட்ட சொன்னது?

— "என் வீட்டுலேருந்து ரத்தத்துக்கு ரத்தம்னு எவனும் கிளம்ப மாட்டான். பெசா."

— முன்பாதி எங்க போச்சு?

— முழுங்கிட்டேன்.

— முழுங்கிட்டேன்னா? அது என்ன, மாத்திரையா தண்ணி ஊத்தி முழுங்க? லிரியே, நான் மாசிடோனியன்தான். ஆனா உங்க அல்பேனிய ஆளுங்களோட ஒரே ஊர்ல பொறந்து வளர்ந்தவன். பெசான்னா என்னன்னு எனக்கும் தெரியும், கேட்டியா? கெடு வச்ச வாக்கு அது. கெடு இருக்கற வரைக்கும் மலை அசைஞ்சாலும் வாக்கு அசையாது. கெடு முடிஞ்சா?

— முடிஞ்சா வாக்கும் முடிஞ்சது.

— விருந்தாளி யாரு? துரை. துரை இன்னைக்கு என்ன பண்ணப் போறார்?

— ரெஜெப் மாமா வீட்டுல கடைசிக் காப்பி. அப்படியே ஸ்கோப்யே. பிளேன்.

— அப்ப அவர் கிழவர் வீட்டு வாசப்படியைத் தாண்டினதும்...

— ஆமாண்ணே.

— என்ன "ஆமாண்ணே"? பஸ் எத்தனை மணிக்குன்னு கேட்ட மாதிரி பதில் சொல்றே! என் அக்கா மகன் மெத்தொடி இப்போ எங்க இருக்கான் தெரியுமா? கீழ் வயல்ல மிளகா பறிச்சிட்டிருக்கான். ரெஜெப் வீட்டு ஜன்னல்லேருந்து பார்த்தா அவன் முதுகு தெரியும். கிழவரோட மூத்த மகன் நெஜாத் துப்பாக்கியோட ஜன்னலைத் திறந்தா போதும். மலையிறங்கக்கூட வேணாம்.

— தெரியும்ணே. அதனாலதான் இப்போ சொல்றேன்.

— இப்போ! துரை உள்ள மேயர்கிட்ட மாலை மரியாதை வாங்கிட்டிருக்கறப்போ! ரெண்டு பேர் பெட்டியும் வண்டியில ஏத்தினப்புறம்! பனிக்காலத்துலேருந்து இன்னைக்கு வரைக்கும் உன் வாயில என்ன கொழுக்கட்டையா இருந்துச்சு?

— திட்டுங்க. நல்லாத் திட்டுங்க.

— திட்டத்தான் போறேன். முதல்ல ஏன் முழுங்கினேன்னு சொல்லு.

— உங்களுக்கு அந்த நாள் ஞாபகம் இல்லையா? மெத்தொடி ஆலை வாசல்ல லாரியைப் பின்னால எடுத்தான். பின்னால நின்ன ரெஜெப் மாமாவோட சின்ன மகன் ஃபாதோன் அங்கேயே செத்துட்டான். உங்க மேல்தெரு "விபத்து"ன்னுச்சு. எங்க ஆளுங்க கீழ்த்தெரு "வேணும்னே ஏத்தினான், முந்தின வாரம் ரெண்டு பேருக்கும் பந்தாட்டத்துல அடிதடி"ன்னுச்சு. ரெண்டு தெருவுக்கும் நடுவுல டிராக்டரைக் குறுக்கே நிறுத்தி, ரெண்டு பக்கமும் வேட்டைத் துப்பாக்கி.

— மறப்பேனா? நானும் எங்க பக்கத்து டிராக்டர் மேலதான் உக்காந்திருந்தேன். அப்புறம்தான் மிஷன்ல டிரைவர் வேணும்னாங்க.

— அடிவாரத்துல போலீஸ் கவச வண்டி நின்னுட்டிருந்துச்சு. நம்ம துரை ஹோல்கர் சார் காதுல போன். மந்திரி ஆபீஸ்லேருந்து ஒரே கேள்வி: "கிழவர் வாக்குல நிபந்தனை இருக்கா, இல்லையா?" இருக்குன்னு சொன்னா போலீஸ் மேல ஏறும். ஏறினா நெஜாத்தை இழுக்கும். நெஜாத் மேல கை வச்சா கீழ்த்தெரு சுடும். மேல்தெரு கையைக் கட்டிக்கிட்டு நிக்குமா? நாளைக்குப் பக்கத்து ஊர். மறுநாள் மலை முழுக்க. எனக்கு அந்த நிமிஷம் ஒரே ஒரு வழிதான் தெரிஞ்சுது. பாதி வார்த்தையை விட்டுட்டா ஒரு ஊர் பிழைக்கும்.

— பிழைச்சுதே. அதை நான் இல்லைங்கலை.

— அப்புறம் சொல்லிக்கலாம்னு நினைச்சேன். மிஷன் இங்கேயேதானே இருக்கப் போகுது, ரெஜெப் மாமா மனசும் மாறும்னு தள்ளிப்போட்டேன். அதுக்குள்ள மிஷன் போட்ட அந்தப் புத்தகம் வந்துடுச்சு.

— நம்ம ஊர் பேரை வச்சு, "ஸ்துபோல் வழி." அட்டையில கிழவர் படம். மூக்கு மட்டுமே பாதி அட்டை.

— வேற நாட்டு ஆளுங்களுக்கெல்லாம் அதை வச்சுப் பாடம் நடத்தறாங்கண்ணே. "கெடு இல்லாத வாக்கு, ஒரு கிராமத்தின் அதிசயம்"னு. அதைப் படிச்சிட்டுத்தான் தலைமையகத்துலேருந்து எனக்கு சூரிச்ல வேலை போட்டுக் கொடுத்தாங்க. நஸ்மி அங்க சுவருக்கு வெள்ளையடிக்கப் போய் எத்தனை வருஷமாச்சு! கல்யாணம் ஆனதுலேருந்து நாங்க சேர்ந்து இருந்ததைவிட போன்ல சண்டை போட்டதுதான் அதிகம். ஒரே வீட்டுல, ஒரே மேசையில சாப்பிடற வாழ்க்கை வருதுன்னதும்... வாய் தானா மூடிக்கிச்சு.

— அப்ப நீ புருஷனோட சூரிச்ல சாப்பிட, எங்க மெத்தொடி தலையை இங்க வச்சிட்டுப் போறே.

— அண்ணே!

— என்ன "அண்ணே"? தப்பாச் சொல்லிட்டேனா?

— இல்ல. சரியாத்தான் சொன்னீங்க. ராத்திரியில நான் எனக்கே அப்படித்தான் சொல்லிக்கறேன். வேற ஒருத்தர் வாயால கேட்டதும் உடம்பு கூசுது.

— கூசட்டும்.

— ஆனா நானும் ஒண்ணு கேக்கறேன். வாரா வாரம் எங்களைக் கொண்டு போய் ரெஜெப் மாமா வாசல்ல இறக்கறீங்க. வண்டியை விட்டு ஒரு தடவை இறங்கி, "உங்க பையன் போனதுக்கு வருத்தப்படறேன்"னு சொல்லியிருக்கீங்களா?

— நானா? நான் மெத்தொடிக்குத் தாய்மாமன். எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு இறங்கறது?

— மேல்தெருவுலேருந்து வேற யாராவது?

— யாரும் போகலை. அதான் துரை போறாரே, அவர் பேசிப்பார்னு...

— அதேதாண்ணே. நானும் அப்படித்தான் இருந்துட்டேன். எல்லாத்தையும் துரை பார்த்துப்பார்.

— அதோ வர்றார் துரை. கையில கேடயம் வேற. சிரிப்பைப் பாரு, ஊருக்கே வெளிச்சம் போடற மாதிரி! இங்க பாரு தங்கச்சி, நீ சொல்றியா, நான் சொல்லட்டுமா? எனக்குத் தெரிஞ்ச இங்கிலீஷ் "பெட்ரோல்", "பஞ்சர்", "நோ ப்ராப்ளம்". இதுல எதை வச்சு நான் சொல்றது?

— நானே சொல்றேன்.

*

— லிரியே, மேயர் என்னைக் கட்டிப்பிடிச்சு அழுதே விட்டார்! "ஹோல்கர், நீங்க மாசிடோனியாவுக்கே ஒரு முன்மாதிரி கொடுத்திட்டுப் போறீங்க"ன்னார். இந்தக் கேடயத்தைப் பாருங்க. காப்பிக் கோப்பையைப் பிடிச்சுக்கிட்டு ஒரு புறா. சிரிக்கறதா வேண்டாமான்னு தெரியல.

— சார், வண்டி கிளம்பறதுக்கு முன்னாடி உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்.

— போகற வழியில சொல்லுங்களேன்.

— இல்ல சார். இறங்கிப் போயிடணும்னு உங்களுக்குத் தோணினா, இங்கேயே இறங்கிடலாம். ரெஜெப் மாமா அன்னைக்குக் கொடுத்த வாக்கை நான் உங்களுக்கு முழுசா சொல்லல. அதுக்கு ஒரு கெடு இருந்துச்சு. "விருந்தாளி இந்த அறையில உக்காந்து காப்பி குடிக்கிற வரைக்கும்"னார். அந்தப் பாதியை நான் விட்டுட்டேன். தெரிஞ்சேதான் விட்டேன்.

— தங்கச்சி, துரை முகம் ஏன் சுண்ணாம்பாயிடுச்சு? திட்றாரா?

— திட்டல அண்ணே. கேடயத்தை சீட்டுல வச்சிட்டு என்னையே பார்க்கறார். அதான் பயமா இருக்கு.

— லிரியே, டிரைவருக்கும் தெரியுமா?

— இப்போதான் சொன்னேன் சார்.

— அப்படின்னா அவர் என்னைவிட நல்லாத் தாங்கறார். நான் ஒண்ணு சொல்றேன், கேளுங்க. அன்னைக்கு ரெஜெப் பேசினது நீளமா இருந்துச்சு. நடுவுல ஜன்னலைப் பார்த்தார், காப்பியைப் பார்த்தார், உங்களைப் பார்த்தார். நீங்க சொன்னது ரொம்பக் குட்டையா இருந்துச்சு. "மீதி எங்கே?"ன்னு கேட்கணும்னு என் நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு.

— ஏன் கேக்கல சார்?

— கேட்காம இருந்தது எனக்கு வசதியா இருந்துச்சு. போன்ல மந்திரி ஆபீஸ். எனக்கு ஒரு சுத்தமான வாக்கியம் வேணும். நீங்க கொடுத்தீங்க. வாங்கிக்கிட்டேன். அதனால உங்க தப்பைத் தனியா நீங்களே சுமக்க வேண்டாம். என் பங்கை எனக்கு விட்டுடுங்க.

— என்ன சொல்றார் தங்கச்சி?

— தப்புல தனக்கும் பங்கு இருக்குங்கறார்.

— அட! எல்லாரும் பங்கு போட்டுக்கறீங்க, மெத்தொடிக்கு ஒரு பங்கும் வைக்காம. இப்போ என்ன பண்ணப் போறாராம்? அதைக் கேளு.

— சார், என்ன பண்றது?

— தலைமையகத்துக்குப் பேசறேன். பொறுங்க... ஹலோ. ஆமாம், ஹோல்கர்தான். ஸ்துபோல்லேருந்து. மூடுவிழா நல்லா நடந்துச்சு. ஆமாம், கேடயம் கொடுத்தாங்க. கேளுங்க, இன்னும் ஒரு குளிர்காலம் மட்டும் இங்கே ஒரு ஆள் இருந்தா போதும்... இல்ல, எதுவும் நடக்கல. நடக்கலதான். நாங்க இங்கே உக்காந்திருந்ததாலதான் நடக்கல... அதை எப்படி நிரூபிக்கறதா? நடக்காத சண்டையை நான் எப்படிப் படம் பிடிச்சு அனுப்பறது?... ஆமாம். நான்தான் எழுதினேன், "இனி இங்கே நம் தேவை இல்லை"ன்னு. எனக்குத் தெரியும் நான்தான்னு... சரி... அந்த விதியும் தெரியும். சரி. வைக்கறேன்.

— குரல் இறங்கிப் போச்சே. முடியாதுன்னுட்டாங்களா?

— முடியாதுன்னுட்டாங்க அண்ணே.

— எரியற ஊருக்குத்தான் தண்ணி வண்டி அனுப்புவாங்க போல. எரியாம பார்த்துக்கற ஊர்லேருந்து வண்டியைத் திருப்பி ஓட்டிட்டுப் போயிடுவாங்க. கேட்டியா, எங்க மேல்தெருவுல இப்போவே ஒரு வீட்டுக்குத் தீ வச்சா, துரை இங்கேயே இருப்பாரா?

— வாயைக் கழுவுங்க அண்ணே.

— லிரியே, அவர்கிட்ட அப்புறம் பேசுங்க. இதைக் கேளுங்க, முக்கியம். ஒரு விதி இருக்கு. உயிருக்கு ஆபத்துன்னு எனக்குத் தெரிஞ்சா, நான் ஊரை விட்டுக் கிளம்பறதுக்கு முன்னாடி மந்திரி ஆபீஸுக்குச் சொல்லியாகணும்.

— சொன்னா போலீஸ் வரும்.

— வரும்.

— நெஜாத்தைப் பிடிக்கும். நாம பனிக்காலத்துல தடுத்தது எல்லாம் இந்த மிளகாக் காலத்துல நடக்கும்.

— சொல்லாம போனா, அந்தப் பையன் வயல்ல விழுவான். அப்பவும் அதேதான் நடக்கும். அதனால ஒரே வழி. ரெஜெப்கிட்ட நேரா கேட்போம். நான் போன பிறகும் வாக்கு நிக்கும்னு அவர் வாயால சொன்னா, நான் போன் பண்ண வேண்டியதில்லை. நிக்காதுன்னா அவர் வாசல்லேயே நின்னு பண்ணிடுவேன். ஆனா இன்னைக்கு அவர் சொல்ற ஒரு சொல்லைக்கூட நீங்க விடக்கூடாது. எனக்குச் சத்தியம் பண்ணிக் கொடுங்க.

— சத்தியமா சார். ஒரு சொல் விட மாட்டேன். அண்ணே, வண்டியை எடுங்க.

— எடுக்கறேன், எடுக்கறேன். எலியா சாமி, நீதான் பார்த்துக்கணும்... அதோ பாரு தங்கச்சி, வயல்ல. சிவப்புச் சட்டை. மெத்தொடி. கையாட்டறான். கிறுக்குப் பய, இன்னைக்குன்னு பார்த்து மைல் தூரத்துக்குத் தெரியற மாதிரி சட்டை போட்டிருக்கான்.

— இறங்கி அவனை வீட்டுக்குப் போகச் சொல்லுங்களேன்.

— இன்னைக்குப் போவான். நாளைக்கு? மிளகாயைப் பறிக்காம அழுக விடச் சொல்றியா? அவங்க அம்மா வாசல்ல அடுப்பை மூட்டிட்டா, சுட்டு அரைச்சுக் குளிர்காலத்துக்கு ஜாடியில அடைக்க. அவகிட்ட நான் என்னன்னு சொல்லுவேன்?

— கையாட்டுங்க அண்ணே. அவன் பார்த்துட்டே நிக்கறான்.

— ஆட்டறேன். பாரு, ஆட்டறேன்.

*

— வா மவளே, வா வா. அந்த நெட்டை மனுசரைத் தலையைக் குனிஞ்சு வரச் சொல்லு. வந்த நாள்லேருந்து அந்த நிலைப்படியில இடிச்சுக்கிட்டே இருக்காரு.

— சார், நிலையில தலை இடிக்காம...

— இடிச்சுக்கிட்டேன், லிரியே. பரவாயில்ல. கடைசித் தடவைதானே.

— உக்காருங்க, உக்காருங்க. நெஜாத், காப்பி வைடா. அந்த லொக்கும் மிட்டாயையும் எடுத்து வை. நெட்டையருக்கு நாக்கு இனிக்கட்டும், வழி தூரம். என்ன மவளே, ரெண்டு பேர் மூஞ்சியும் எழவு வீட்டுக்கு வந்த மாதிரி இருக்கு? எழவு வீட்டுக்காரன் நானே சிரிச்சிட்டு இருக்கேன்.

— ரெஜெப் மாமா, முதல்ல நான் உங்ககிட்ட ஒண்ணு ஒத்துக்கணும். நீங்க அன்னைக்குக் கொடுத்த வாக்குல...

— பாதியைத்தான் அவருகிட்ட சொன்னே. தெரியும்.

— தெரியுமா?

— அந்தப் பொஸ்தகத்தைப் பள்ளிக்கூடத்து வாத்தியாரு படிச்சுக் காட்டினாரு. என் மூக்குக்குக் கீழ என் வாக்கைப் பாதியா வெட்டிப் போட்டிருந்தாங்க. நான் சொல்லாத ஒண்ணை நான் சொன்னேன்னு இருந்துச்சு.

— அப்போவே என்னைக் கூப்பிட்டு ஏன் கேக்கல மாமா?

— கேட்டா நீ நெட்டையர்கிட்ட ஒத்துப்பே. அவரு போன் பண்ணுவாரு. போலீசு வரும். எனக்கு ஒரு மவன் போயிட்டான். இருக்கறவனைச் செயில்ல போடறதுக்கு நான் வாயைத் தொறக்கணுமா? சும்மா இருந்துட்டேன். பொய்யின்னா பொய்தான், அது மேல என் மூஞ்சியும்தானே இருக்கு. உன்னை மட்டும் எப்படிக் குத்தம் சொல்லுவேன்?

— லிரியே, என்ன சொல்றார்?

— பாதி வாக்கு விஷயம் அவருக்கு முன்னாடியே தெரியுமாம் சார். புத்தகத்துல பார்த்தாராம். போலீஸ் வந்துடும்னு சும்மா இருந்தாராம்.

— எல்லாருமா! சரி. கேளுங்க. நான் போன பிறகு வாக்கு நிக்குமா? கெடு இல்லாம கொடுப்பாரா?

— மாமா, இவர் இன்னைக்குப் போறார். கெடுவை எடுத்துட்டு, சும்மா வாக்கா கொடுப்பீங்களான்னு கேக்கறார்.

— கெடு இல்லாத பெசா எங்கயாவது உண்டா மவளே? அந்த மனுசருக்கு அதைச் சொல்லு. கெடு இருந்ததாலதான் நெஜாத் துப்பாக்கியைச் சுவத்துல மாட்டினான். "மன்னிச்சிடுடா"ன்னு நான் சொல்லியிருந்தா, அப்பனுக்குப் பயம்னு நினைச்சு அன்னைக்கே கிளம்பியிருப்பான். "விருந்தாளி இருக்காங்கடா, பொறு"ன்னேன். விருந்தாளியை மீற அவனால முடியல. எனக்கும் அது தேவையா இருந்துச்சு. சில நாள் காலையில அந்த ஜன்னல் பக்கம் போவேன். அந்தச் சிவப்புச் சட்டைப் பய குனிஞ்சு நிமிர்றது தெரியும். என் சின்னவனும் அப்படித்தான் குனிஞ்சு நிமிருவான். கிழவனுக்குக் கை நடுங்கணும். எனக்கு அப்ப மட்டும் நடுங்காது. அதான் சொல்றேன், கெடுவை எடுக்கச் சொல்லாதே. அது போனா எங்க ரெண்டு பேரையும் புடிச்சு வைக்க வேற எதுவும் இல்ல.

— சார், முடியாதுங்கறார். கெடு இருந்தாத்தான் மகனையும் தன்னையும் பிடிச்சு வைக்க முடியுமாம்.

— அப்படின்னா நான் போன் பண்ணியாகணும், லிரியே. மன்னிச்சிடுங்க. எனக்கு வேற வழி தெரியல.

— பொறுங்க சார். காப்பி வந்திருச்சு. கோப்பை கையில இருக்கறப்ப எழுந்துபோனா அவமரியாதை.

— என் வயிறு இன்னைக்கு ரொம்ப மோசம். இந்தக் கறுப்புக் காப்பி ஒரு வாய் போனாலும்... வழக்கம் போல நீங்களே மாத்திடுங்க. உங்க கோப்பை காலியானதும் இந்தப் பக்கம் தள்ளுங்க.

— அவர் அந்தப் பக்கம் திரும்பினா மாத்திடறேன். திரும்ப மாட்டேங்கறாரே.

— மாத்திக்க மவளே. நான் பார்க்கல.

— என்ன மாமா?

— கோப்பையைத்தான். கண்ணு மங்கியிருக்கு, அவிஞ்சு போகல. வந்த நாள்லேருந்து பார்க்கறேனே. உன் கோப்பையை மடக்குனு குடிப்பே, நான் திரும்பினதும் அவரு கோப்பையை இழுத்து அதையும் குடிப்பே. நெஜாத்துகூடச் சொல்லுவான், "அப்பா, அந்தப் பொண்ணு ராத்திரி தூங்குமா?"ன்னு.

— மாமா, அவருக்கு வயித்துப் புண்ணு. வேணும்னு செஞ்சதில்ல. உங்களை அவமதிக்கணும்னு...

— அவமதிப்பா? யாரு சொன்னது? நல்ல மனுசரு. மலையேறி வந்தாரு, உக்காந்தாரு, தலையை இடிச்சுக்கிட்டாரு. ஆனா இந்த வீட்டுல அவரு ஒரு வாய் காப்பி குடிச்சதில்ல. அவரு போவட்டும், எதுக்கு இப்படிப் பயந்து சாகறீங்க? நான் என்ன சொன்னேன் அன்னைக்கு? உன் வாயால சொல்லு.

— "விருந்தாளின்னு ஒருத்தர் இந்த அறையில உக்காந்து காப்பி குடிக்கிற வரைக்கும்..."

— காப்பி குடிச்ச விருந்தாளி யாரு?

— மாமா...

— நெஜாத்துக்குத் தெரியும். கீழ்த்தெரு முழுக்கத் தெரியும். உனக்கும் தெரியும்னுல்ல நினைச்சிட்டு இருந்தேன்.

— நான் வெறும் மொழிபெயர்க்க வந்தவ மாமா. அதுவும் பொம்பளை. என்னை நடுவுல வச்சா இவ்வளவு பெரிய வாக்கு?

— விருந்தாளியில ஆம்பளை என்ன, பொம்பளை என்ன? என் பையனைப் புதைச்ச ஈரம் காயறதுக்கு முன்ன நீங்க வந்தீங்க. நெட்டையர் முற்றத்துல நின்னு போன் பேசிட்டு இருந்தாரு. நீ உள்ள வந்தே. இந்த விரிப்புல உக்காந்தே. ஒரு வார்த்தை பேசாம அழுதே. அழுதுக்கிட்டே அந்தக் கசப்புக் காப்பியைக் குடிச்சே. அன்னைக்கு இந்த வீட்டுக்கு வந்த விருந்தாளி நீதான். அவரு உன்னோட வந்தவரு.

— அப்போ... நான் வாரா வாரம் வந்துட்டே இருக்கணுமா?

— வரணும்னு நான் சொல்லல மவளே. வர்ற வரைக்கும்னுதான் சொன்னேன்.

— எவ்வளவு நாளைக்கு?

— யாரு கண்டா? நெஜாத் பொண்டாட்டி முழுகாம இருக்கா. புள்ள பொறந்தா மனசு இளகுமோ என்னவோ. இல்ல, வாசல்ல வண்டிக்குள்ளேயே உக்காந்திருக்கானே உங்க டிரைவரு, அவன் என்னைக்காவது இறங்கி வந்து என் மவன் பேரைச் சொல்லித் துக்கம் கேப்பானோ என்னவோ. எனக்குத் தெரியல.

— நானும் இன்னைக்குக் கிளம்பறேன் மாமா. சூரிச்சுக்கு. ராத்திரி விமான நிலையத்துல நஸ்மி வந்து நிப்பார். அங்க வேலை கொடுத்திருக்காங்க.

— ஓ.

— முன்னாடியே உங்ககிட்டச் சொல்லியிருக்கணும்.

— புருசன்கிட்டப் போறவளை நிறுத்தற பாவம் எனக்கு வேணாம். போ மவளே, நல்லா இரு. அவசரமில்லாம காப்பியைக் குடிச்சிட்டுப் போ. நீ குடிச்சு முடிக்கற வரைக்கும் அந்தப் பய வயல்ல இருக்கலாம்.

— லிரியே, இவ்வளவு நேரம் பேசினார். நீங்க ஏன் கோப்பையைக் கீழே வைக்காம ரெண்டு கையால பிடிச்சிட்டிருக்கீங்க? என்ன சொன்னார்? ஒரு சொல் விட மாட்டேன்னு சத்தியம் பண்ணியிருக்கீங்க. நான் போன் பண்ணணுமா, வேண்டாமா?

— வேண்டாம் சார். வாக்கு நிக்கும்னுட்டார், நீங்க நிம்மதியா கிளம்பலாம். பிளாகோயா அண்ணன்கிட்ட என் பெட்டியைக் காட்டி, அதை மட்டும் வண்டியிலேருந்து இறக்கி வைக்கச் சொல்லுங்க.